429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் அரசனிடம் நெல் கேட்ட கதையைக் கேட்டிருப்பீர்கள். முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4, நான்காவதுக்கு 8 என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போக வேண்டும். அரசன் சிரித்துக்கொண்டே சரி என்றான். கடைசியில் அரண்மனைக் களஞ்சியத்தைத் துடைத்துப் போட்டும் போதவில்லை. கதை அங்கே முடிந்துவிடும். எனக்கு என்னவோ அந்தப் பலகையின் பாதியில், 32 கட்டத்தில், நிறுத்திக்கொண்டு கணக்குப் பார்க்கத்தான் பிடிக்கும். கணித மேதைகள் பலர் வந்து நின்று யோசித்த இடம் அது.

முதலில் சின்னதாகக் கூட்டிப் பார்ப்போம். ஒரு கட்டத்தில் மட்டும் நெல் வைத்தால் மொத்தம் 1. இரண்டு கட்டம் என்றால் 1 + 2 = 3. நான்கு கட்டம் என்றால் 15. எட்டுக் கட்டம் என்றால் 255. பதினாறு கட்டம் என்றால் 65,535. இந்தக் கட்டங்களின் எண்ணிக்கையும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகத்தான் போகிறது, கவனியுங்கள். இப்போது ஒவ்வொரு மொத்தத்தோடும் 2 சேர்த்துப் பாருங்கள்:

3, 5, 17, 257, 65,537.

ஐந்தும் பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. 3, 5, 17 மூன்றும் பார்த்தவுடன் தெரியும். 257-க்கு 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். 65,537-க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 256 வரைக்கும் உள்ள 54 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு விடுமுறை நாள் மதியத்தில் முடிந்துவிடுகிற வேலைதான்.

அடுத்தது 32 கட்டம். அரைப் பலகை. அதிலுள்ள நெல்மணிகள் 4,29,49,67,295. இரண்டு சேர்த்தால் 4,29,49,67,297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதுவும் பகா எண்ணா?

ஆம் என்று நம்பினார் பியர் டி ஃபெர்மா. பிரான்ஸ் நாட்டில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றியவர். கணிதம் அவருக்குத் தொழில் இல்லை, ஆசை. புத்தகம் எழுதாமல், கண்டுபிடித்ததையெல்லாம் நண்பர்களுக்குக் கடிதமாக எழுதி அனுப்பிவிடுவார். 1640-ஆம் ஆண்டு ஃப்ரெனிக்கிள் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். முழு நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதனால்தான் இந்த எண்களுக்கு இன்றும் ஃபெர்மா எண்கள் என்று பெயர்.

அவர் நம்பியதில் வியப்பில்லை. ஐந்து எண்களைப் பார்த்தார், ஐந்தும் பகா எண்கள். ஆறாவதைச் சோதிக்க 65,536 வரைக்கும் உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும். அவை மொத்தம் 6,542. ஒவ்வொன்றும் பத்து இலக்க எண்ணை வகுக்கிற நீண்ட வகுத்தல்! கால்குலேட்டர் இல்லாத காலம் அது.

கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் இந்தக் கேள்வி கிடப்பில் கிடந்தது. 1729-இல் கிறிஸ்டியன் கோல்ட்பாக் என்பவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்த இளைஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது, ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்கிறாரே, தெரியுமா என்று கேட்டார். அந்த இளைஞர் லியோனார்ட் ஆய்லர். முதலில் அவருக்கு அதில் பெரிய ஆர்வம் வரவில்லை. ஆனால் கேள்வி மனத்தில் ஒட்டிக்கொண்டது. 1732-இல், தன் 25-ஆவது வயதில், பதில் சொல்லிவிட்டார்:

4,29,49,67,297 = 641 × 67,00,417.

ஃபெர்மா சொன்னது தவறு. 429 கோடிக்குள் 641 என்ற குட்டி எண் ஒளிந்துகொண்டிருந்தது.

இதைச் சரிபார்க்க நேராகப் பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெரிய எண்ணைத் தொடாமலே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 4,29,49,67,296. இது 2-ஐ 32 முறை எழுதிப் பெருக்கினால் வருவது. இன்னொரு விதமாகச் சொன்னால் 65,536-இன் வர்க்கம், அதாவது 65,536 × 65,536. முதலில் 65,536-ஐ மட்டும் 641-ஆல் வகுப்போம். 641 × 102 = 65,382. மீதி 154. ஆகவே 65,536 என்பது சில 641-களும், மேலே ஒரு 154-ம். அதை அதனாலேயே பெருக்கும்போது, 641 கலந்த பகுதிகள் எல்லாம் 641-ஆல் வகுபட்டுப் போய்விடும். வகுபடாமல் நிற்கக்கூடியது 154 × 154 மட்டும்தான். அது 23,716. இதை 641-ஆல் வகுத்தால்? 641 × 36 = 23,076. மீதி 640.

ஆக, 4,29,49,67,296-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 640. அதோடு ஒன்றைச் சேர்த்தால் மீதி 641. அதாவது மீதியே இல்லை! இரண்டு சின்ன வகுத்தல், ஒரு பெருக்கல். பத்து இலக்க எண்ணை ஒரு தடவைகூட வகுக்கவில்லை.

சரிபார்ப்பது இவ்வளவு எளிது. ஆனால் எத்தனையோ எண்கள் இருக்க 641-ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்? 641 என்பது பகா எண் வரிசையில் 116-ஆவது. முதலிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு வந்தாரா? தேவையே இல்லை. தன் வழியைப் பின்னாளில் அவரே விளக்கி எழுதினார். அந்த வழியை ஒரு விளையாட்டாகச் செய்து பார்க்கலாம்.

ஏதாவது ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 7 என்று வைத்துக்கொள்வோம். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் 7-ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள். 1, 2, 4, அடுத்து 8 வரும், அதன் மீதி 1. மறுபடி 2, 4, 1... மூன்று மூன்றாகச் சுற்றுகிறது. 5-ஐ எடுத்தால் 1, 2, 4, 3, பிறகு மறுபடி 1. நான்கு படிச் சுற்று. 17-ஐ எடுத்தால் 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மறுபடி 1. எட்டுப் படிச் சுற்று. இப்போது ஒரு சங்கதியைக் கவனியுங்கள். 7-க்குச் சுற்று 3, அது 6-ஐ வகுக்கும். 5-க்குச் சுற்று 4, அது 4-ஐ வகுக்கும். 17-க்குச் சுற்று 8, அது 16-ஐ வகுக்கும். 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், சுற்றின் நீளம் அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணை மீதியில்லாமல் வகுக்கும். எப்போதும் வகுக்கும், நிரூபிக்கப்பட்ட உண்மை.

நம் 429 கோடி எண்ணை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 32 தடவை இரட்டித்ததும் மீதி அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாக நிற்கும். 641-க்கு 640 நின்றதே, அது போல. மீதி ஒன்று குறைவாக நிற்கிறது என்றால் சுற்று அப்போதுதான் பாதி வழி வந்திருக்கிறது. இன்னும் 32 தடவை இரட்டித்தால்தான் 1-க்குத் திரும்பும். ஆக, சுற்றின் நீளம் சரியாக 64. அந்த 64, பகா எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணை வகுக்க வேண்டும். எனவே நாம் தேடுகிற காரணி, 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் வருகிற எண்ணாகத்தான் இருக்க முடியும். வேறு எதுவும் ஆகாது.

64-இன் மடங்குகளோடு ஒன்று கூட்டி எழுதுவோம்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். 115 எண்களைச் சோதித்து 116-ஆவதில் விடை காண வேண்டிய இடத்தில், நான்கைத் தள்ளிவிட்டு ஐந்தாவதிலேயே விடை வந்துவிடுகிறது! 154-ஐ வைத்து மேலே செய்த அதே கணக்கை 193-க்குச் செய்தால் கடைசியில் 109 மீதி நிற்கும். 449-க்கு 325, 577-க்கு 288.

257-க்கு என்ன மீதி? அதை வகுக்காமலே சொல்லலாம். நெல் கணக்குக்குத் திரும்புவோம். அரைப் பலகை நெல் 4,29,49,67,295 என்பது 65,535 × 65,537. அந்த 65,535 என்பது 255 × 257. 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்,

4,29,49,67,295 = 3 × 5 × 17 × 257 × 65,537.

நாம் தொடக்கத்தில் பார்த்த ஐந்து பகா எண்களும் ஒன்றுவிடாமல் வந்து நிற்கின்றன. நம் எண் இதைவிட இரண்டு கூடுதல். ஆகவே இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2. பெரிய எண்களிடம் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குதூகலம் வந்துவிடுகிறது.

மீதிகளின் சுற்றைப் பற்றிய அந்த விதி இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் வேறு யாருமல்ல, ஃபெர்மாவேதான்! அதே 1640-இல், அதே ஃப்ரெனிக்கிளுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். அந்த விதியை வைத்து, 2-ஐ 37 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 12 இலக்க எண் 223-ஆல் வகுபடும் என்றும் காட்டியிருக்கிறார். சாவியைச் செய்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பூட்டைத் திறந்தவர் இந்தப் பூட்டை மட்டும் விட்டுவிட்டார். ஐந்து எண்கள் வரிசையாகச் சரியாக வந்ததே அவரைத் திருப்திப்படுத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

ஃபெர்மா கையில் இன்னொரு சாவியும் இருந்தது. 1640 டிசம்பர் 25 அன்று மெர்சென் என்ற துறவிக்கு அவர் எழுதிய கடிதம் பகா எண்களையும் வர்க்கங்களையும் பற்றியது. 4-ஆல் வகுத்தால் 1 மீதி வருகிற பகா எண் எதுவானாலும் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் எழுதலாம். 13 என்றால் 4 + 9. 29 என்றால் 4 + 25. வேறு வழி கிடையாது. இரண்டு விதமாக எழுத முடிந்தால் அது பகா எண்ணே இல்லை.

நம் எண்ணை 65,536-இன் வர்க்கத்தோடு 1-இன் வர்க்கத்தைக் கூட்டி எழுதலாம் என்பது முன்பே தெரியும். இப்போது இதைப் பாருங்கள்: 62,264-இன் வர்க்கம் 3,87,68,05,696. 20,449-இன் வர்க்கம் 41,81,61,601. இரண்டையும் கூட்டினால் 4,29,49,67,297. இரண்டாவது வழி கிடைத்துவிட்டது. ஒரு காரணியையும் காட்டாமலே, இது பகா எண் இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

இந்த இரண்டு எண்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 641 என்பது 25-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும் சேர்ந்தது. 67,00,417 என்பது 2,556-இன் வர்க்கமும் 409-இன் வர்க்கமும் சேர்ந்தது. 25 × 2,556 = 63,900. 4 × 409 = 1,636. கழித்தால் 62,264, கூட்டினால் 65,536. அடுத்து 25 × 409 = 10,225. 4 × 2,556 = 10,224. கூட்டினால் 20,449, கழித்தால் 1. கூட்டலும் கழித்தலும் இடம் மாறினால் ஒரு வழி இன்னொரு வழியாக மாறிவிடுகிறது. 10,225-ம் 10,224-ம் ஒன்றே ஒன்றில் வித்தியாசப்பட்டு நிற்பதை நீங்களே ஒரு முறை பெருக்கிப் பாருங்கள்.

இதே எண்ணை மனக்கணக்கிலேயே உடைத்த சிறுவர் ஒருவரும் உண்டு. பெயர் ஜெரா கோல்பர்ன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1804-இல் பிறந்தவர். மனக்கணக்கில் அவர் காட்டிய வேகம் ஊரெல்லாம் பரவி, 1812-இல் அவருடைய தந்தை அவரை லண்டனுக்கு அழைத்து வந்தார். அப்போது அவருக்கு ஏழு எட்டு வயதுதான் இருக்கும். தாளில் ஒரு சாதாரணப் பெருக்கல்கூடப் போடத் தெரியாது. அவரிடம் இந்த 4,29,49,67,297-ஐக் கொடுத்து, இதன் காரணிகளைச் சொல் என்றார்கள். மனத்துக்குள்ளேயே கணக்கிட்டு 641-ஐயும் 67,00,417-ஐயும் சொல்லிவிட்டார்.

பெரியவரானதும் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் தன் வழியையும் அவர் விளக்கியிருக்கிறார். கடைசி இரண்டு இலக்கங்கள்தான் அவருக்குத் துப்பு. நம் எண் 97-இல் முடிகிறது. பெருக்கினால் 97-இல் முடிகிற இரண்டிலக்க ஜோடிகள் எவையெவை என்று பார்க்க வேண்டும். 41 × 17 = 697 அப்படி ஒரு ஜோடி. 641-இன் கடைசியில் 41 இருக்கிறது, 67,00,417-இன் கடைசியில் 17 இருக்கிறது. இப்படி ஜோடிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிப்பார். வகுத்தலை அவர் மனத்தில் செய்த வேகம்தான் நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது.

நம் எண்ணுக்கு முந்தைய எண்ணான 4,29,49,67,296-ஐ நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். கணினிக்குள் 0, 1 என்ற இரண்டே குறிகளை 32 இடங்களில் எத்தனை விதமாக எழுதலாமோ, அத்தனை. இணையத்தில் இணைகிற கருவிகளுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கியபோது 32 இடம் போதும் என்று நினைத்தார்கள். 2011 பிப்ரவரியில், உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்க வைத்திருந்த முகவரிகள் தீர்ந்துவிட்டன. இப்போது 128 இடம் கொண்ட முகவரிகளும் புழங்குகின்றன.

அதற்கும் முந்தைய எண்ணான 4,29,49,67,295-க்கு வேறொரு பெருமை. கவராயமும் கோடு போடாத அளவுகோலும் மட்டும் வைத்துச் சமபக்க முக்கோணமும் ஐங்கோணமும் வரைவதைப் பழங்காலக் கிரேக்கர்களே அறிந்திருந்தார்கள். 17 பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தையும் அப்படி வரையலாம் என்று 1796-இல் காட்டியவர் கார்ல் ஃபிரெடரிக் காஸ். அப்போது அவருக்கு வயது 18. ஃபெர்மா எண்ணாக இருக்கிற பகா எண்களில்தான் இதன் ரகசியம் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோ ஒன்றோடொன்று பெருக்கியோ வருகிற எண்ணிக்கையில் பக்கங்கள் இருந்தால் வரையலாம். ஆகவே இப்படி வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4,29,49,67,295 பக்கங்கள். அரைப் பலகை நெல்லின் எண்ணிக்கையேதான்! அதை யாரும் வரையப் போவதில்லை. ஆனால் 65,537 பக்கம் கொண்டதை எப்படி வரைவது என்று ஹெர்மிஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் செலவிட்டு எழுதி முடித்தார்.

ஆறாவது பகா ஃபெர்மா எண் இருக்கிறதா? இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. ஆய்லருக்குப் பிறகு சோதித்து முடிவு கண்ட ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் பகு எண்ணாகவே இருந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்றே முடிவாகாதவற்றில் மிகச் சிறியதற்கே 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

நம் எண்ணுக்கு அடுத்து வருவது முழுப் பலகை. 64 கட்டத்து நெல்லோடு 2 சேர்த்தால் 18446744073709551617. இருபது இலக்கம். இதை 1880-இல் உடைத்தவர் ஃபோர்ச்சூனே லாந்ரி என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது அவருக்கு வயது 82. அவர் கண்ட காரணி 2,74,177.

இது சரிதானா என்று நீங்கள்தான் சரிபார்க்கப் போகிறீர்கள். 641-க்குச் செய்த அதே வழி. இந்தத் தடவை இருபது இலக்க எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 4,29,49,67,296-இன் வர்க்கம். முதலில் 4,29,49,67,296-ஐ 2,74,177-ஆல் வகுங்கள். மீதி 2,58,768 வந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். அந்த மீதியை அதனாலேயே பெருக்கி மறுபடி 2,74,177-ஆல் வகுங்கள். என்ன மீதி வர வேண்டும் என்பது இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.